ஸ்ட்ரேஞ்ச் துகள்: தமிழில் விந்தைத்துகள்

அணுக்கரு மோதல் பற்றிப் படிக்கும்போது ‘ஸ்ட்ரேஞ்ச் துகள்’ என்ற பெயர் அடிக்கடி வரும். இன்னதென்று தெரியாத துகள் என்று நினைத்துவிட வேண்டாம். கேயான், லாம்டா, ஒமேகா என்று எல்லாமே நன்றாக அளந்து எடை பார்த்தவை. புரோட்டான் போன்றவற்றின் உள்ளே இருக்கும் அடிப்படைத் துகள்தான் குவார்க்; அதில் ஒரு வகை ஸ்ட்ரேஞ்ச் குவார்க். அதுவோ, எதிர் மின்னூட்டமுள்ள அதன் இணையான எதிர்க்குவார்க்கோ உள்ளே இருக்கும் துகள்களுக்கு இது பொதுப்பெயர், அவ்வளவுதான்.

1947-ல் இயற்பியலாளர்கள் ராச்செஸ்டரும் பட்லரும் எடுத்த முகிற்கலப் (துகள் போன வழியை நீர்த்துளித் தடமாகக் காட்டும் கருவி) படங்களில், எங்கிருந்தோ முளைத்துக் கவைபோலப் பிரியும் இரண்டு தடங்கள் தெரிந்தன. அப்புறம் இத்தகைய துகள்கள் நிறையக் கிடைத்தபோது ஒரு புதிர் எழுந்தது. பிறக்கிற வேகத்துக்கு இவை 10⁻²³ வினாடி அளவில் சிதைந்திருக்க வேண்டும். லாம்டாவோ சுமார் 2.6 × 10⁻¹⁰ வினாடி தாக்குப்பிடித்தது. 1953 வாக்கில் கெல்-மானும் நிஷிஜிமாவும் தனித்தனியே விடை சொன்னார்கள்: இவற்றுக்கு ஒரு புதிய குவாண்டம் எண் (துகளின் பண்பைக் குறிக்கும் எண்) உண்டு, குவார்க்குகளைப் பிணைக்கும் வலுவிசை அதன் கூட்டுத்தொகையை மாற்றாது, அதனால் ஒன்றுக்கொன்று ஈடுசெய்யும் ஜோடியாகத்தான் பிறக்கும், கதிரியக்கச் சிதைவுக்குக் காரணமான மெல்விசைதான் மாற்றும், அதனால் சிதைவு தாமதமாகும். கெல்-மான் அந்த எண்ணுக்கு வைத்த பெயர்தான் ‘ஸ்ட்ரேஞ்ச்னஸ்’.

மோதலில் இதற்கு என்ன மவுசு? மோதும் அணுக்கருக்களின் நிகர ஸ்ட்ரேஞ்ச்னஸ் சுழி. வெளியே வரும் கேயானும் லாம்டாவும் மோதலிலேயே பிறந்தவை. இரண்டு நியூக்ளியான்கள் (புரோட்டான் அல்லது நியூட்ரான்) மோதி லாம்டா–கேயான் ஜோடி பிறக்கக் குறைந்தது 670 மெகா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தேவை. குவார்க்குகளும் அவற்றைப் பிணைக்கும் குளுவான்களும் கட்டவிழ்ந்து திரியும் குவார்க்-குளுவான் பிளாஸ்மாவிலோ, இரண்டு குளுவான்கள் சேர்ந்து ஒரு ஸ்ட்ரேஞ்ச் குவார்க்-எதிர்க்குவார்க் ஜோடியைத் தர 200-ஐ ஒட்டிய அளவே போதும். ஆகவே இத்துகள்கள் மிகுந்தால் பிளாஸ்மா உருவானதற்கு அடையாளம் என்று 1982-ல் ராஃபெல்ஸ்கியும் முல்லரும் வாதிட்டார்கள். ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்னில் ஈய அணுக்கருக்களை மோதவிட்டபோது, மூன்று ஸ்ட்ரேஞ்ச் குவார்க்குகள் கொண்ட ஒமேகாதான் மற்றவற்றைவிட அதிகமாகப் பெருகியது. ஆனால் துகள்கள் ஏராளமாகத் தெறிக்கும் புரோட்டான்-புரோட்டான் மோதல்களிலும் இதே பெருக்கம் உண்டு என்று 2017-ல் செர்னின் ஆலிஸ் ஆய்வுக்குழு காட்டியது. அடையாளம் அத்தனை சுலபமில்லை.

சரி, தமிழில்? ‘விசித்திர’, ‘வினோத’ இரண்டும் பொருந்தும். என் ஓட்டு ‘விந்தை’க்கு. கூட்டுச்சொல்லாக எளிதில் வளைகிறது: விந்தைத்துகள், விந்தைக் குவார்க், விந்தை எண் (ஸ்ட்ரேஞ்ச்னஸ்), விந்தைப் பெருக்கம். ‘அந்நியத் துகள்’ மட்டும் வேண்டாம், பொருளே மாறிவிடும். ஒன்றைக் கவனியுங்கள்: விந்தைக் குவார்க்கின் விந்தை எண் −1. குவார்க் என்ற கருத்தே வருமுன் நேர்மின் கேயானுக்கு +1 கொடுத்துவிட்டார்கள். பின்னால் பார்த்தால் அந்தக் கேயானுக்குள் இருந்தது விந்தை எதிர்க்குவார்க்.