கான்டிலோமா: பெயரில் ‘ஓமா’ இருந்தால் புற்றுநோயா?

மருத்துவர் சீட்டில் ‘கான்டிலோமா அக்யூமினேட்டம்’ (பிறப்புறுப்பில் வரும் மரு) என்று எழுதியிருந்தால் பலருக்கும் கண்ணில் படுவது அந்தக் கடைசி ‘ஓமா’தான். கார்சினோமா, மெலனோமா என்று புற்றுநோய்ப் பெயர்களைக் கேட்டுப் பழகிய காது இதையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடும், அப்புறம் தூக்கம் போய்விடும்: இது என் துணைக்கும் ஒட்டுமா, அவருக்குப் புற்றுநோய் வருமா?

கிரேக்கத்தில் ‘கொண்டிலோஸ்’ என்றால் விரல் முட்டி. முட்டி மாதிரி புடைத்து நிற்பதால் கான்டிலோமா. ‘அக்யூமினேட்டம்’ லத்தீன், கூர்முனை உள்ளது என்று பொருள். ‘ஓமா’ என்ற விகுதி பெரும்பாலும் கட்டி, புடைப்பு என்பதோடு நின்றுவிடும், நல்லதா கெட்டதா என்று சொல்லாது. தோலுக்கடியில் உருளும் கொழுப்புக் கட்டி லிப்போமா, அடிபட்டு ரத்தம் கட்டினால் ஹீமட்டோமா, இரண்டுமே புற்றுநோய் இல்லை.

தமிழில் ‘பிறப்புறுப்பு மரு’ என்றால் போதும். ‘பாலுண்ணி’ என்றும் சொல்கிறார்கள், ஆனால் கழுத்தில் தொங்கும் சதைத்துணுக்குக்கும் அதே பெயர் புழங்குவதால் குழப்பம்தான் மிஞ்சும். ‘மரு’ என்று எழுதும்போது இடையின ர போடுங்கள். வல்லின ற போட்டால் கறை, குற்றம் என்ற பொருள் வந்து நிற்கும், ஏற்கெனவே கூனிக்குறுகி இருப்பவருக்கு அது வேறு எதற்கு?

சரி, பயத்துக்கு வருவோம். மருவுக்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். அதில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பிறப்புறுப்பு மருக்களில் சுமார் 90 சதவீதம் 6, 11 ஆகிய வகைகளால் வருபவை, இவை புற்றுநோயை உண்டாக்குவது மிக அரிது. கருப்பைவாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குப் பின்னால் இருப்பவை 16, 18 என்ற வேறு வகைகள். இந்தத் தொடர்பைக் கண்டுபிடித்ததற்காகத்தான் ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆக, துணைக்குத் தொற்றக்கூடியது வைரஸ், புற்றுநோய் அல்ல. அந்த வைரஸையும் பெரும்பாலோர் உடல் ஓரிரு ஆண்டுகளில் தானே அடக்கிவிடும்.

அதற்காக அலட்சியமாக இருந்துவிடவும் முடியாது, ஏனென்றால் ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று வகைகள் சேர்ந்தே தொற்றலாம், மருவைச் சுட்டோ உறையவைத்தோ எடுத்த பிறகும் வைரஸ் தோலில் தங்கலாம், ஆணுறை மூடாத இடத்திலும் தோல் உரசும் என்பதால் அதன் காப்பும் முழுமையானது அல்ல. துணை பெண் என்றால் வழக்கமான கருப்பைவாய்ப் பரிசோதனையைத் தவறாமல் செய்துகொண்டால் போதும், மருவுக்காக அடிக்கடி செய்ய வேண்டியதில்லை. தடுப்பூசி பற்றி இருவரும் கேட்டுக்கொள்ளலாம்.

மரு மாதிரி இருப்பதெல்லாம் மருவும் இல்லை. ஆண்குறி மொட்டின் விளிம்பில் வரிசையாக முத்து முத்தாக இருப்பவை பிறருக்குத் தொற்றாத, இயல்பான புடைப்புகள். ஆனால் கெட்டியாகி, கறுத்து, ரத்தம் கசிந்து, ஆறாமல் கிடக்கும் ஒன்றை மருத்துவர் துணுக்கு எடுத்துப் பரிசோதித்தே ஆக வேண்டும்.

சீட்டில் ‘கான்டிலோமா லேட்டா’ என்று இருந்தால் கதையே வேறு. லத்தீனில் ‘லேட்டா’ என்றால் அகன்றது. தட்டையாக, ஈரக்கசிவோடு இருக்கும் இது மருவே அல்ல, சிபிலிஸ் எனும் கிரந்தி நோயின் இரண்டாம் கட்டம். மருக்களிம்பு தடவி ஆறாது, ரத்தப் பரிசோதனையும் பெனிசிலின் ஊசியும் வேண்டும், துணையையும் உடனே கூட்டிப் போக வேண்டும்.