நேவி ஆபீசர் ஆக ஆசைப்படும் நம் பிள்ளைகளுக்கு

கொல்லங்கோடு, நித்திரவிளை பக்கமிருந்து நேவியில் சேரப் பிள்ளைகளைக் கூட்டி வரும் பெற்றோர் கேட்பதெல்லாம் ஆபீசர்களைத் தேர்ந்தெடுக்கும் எஸ்எஸ்பி நேர்காணலைப் பற்றித்தான். அது ஐந்து நாள் சமாசாரம். ஆபீசராகிப் பல வருஷம் கழித்து வரும் படிப்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அதிகாரிகளுக்கு வகுப்பெடுத்தவன் என்ற முறையில் எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

எழிமலை கடற்படை அகாடமி, அப்புறம் கப்பல், கொச்சியில் பயிற்சி. அதுவரை பெரும்பாலும் கேள்விக்கு ஒரு விடை உண்டு. நீலகிரியில் உள்ள வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜில் தரைப்படை, விமானப்படை, வெளிநாட்டு அதிகாரிகளோடு ஏறத்தாழ ஒரு வருஷம் உட்காரும்போதுதான் ஒற்றை விடையில்லாத கேள்விகள் வரும். பிறகு சிலருக்குக் கோவா கடற்படைப் போர்க் கல்லூரி, வெகு சிலருக்கு டெல்லி தேசியப் பாதுகாப்புக் கல்லூரி.

எப்படிப்பட்ட கேள்வி? 2012 பிப்ரவரி 15 அன்று என்ரிகா லெக்ஸி என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு இருந்த அந்நாட்டுக் கடற்படை வீரர்கள் செயின்ட் ஆன்டனி என்ற மீன்பிடிப் படகை நோக்கிச் சுட்டார்கள். இருவர் இறந்தார்கள். ஒருவர் நம் குமரி மாவட்டத்துக்காரர்.

இதைச் சொன்னதும் பிள்ளைகள், "பிடிச்சு ஜெயில்ல போடணும் சார்" என்பார்கள். சரி மக்களே, எந்தச் சட்டப்படி? சம்பவம் நடந்தது கேரளக் கரையிலிருந்து சுமார் 20.5 கடல் மைலில். நம் முழு ஆட்சி 12 மைல் வரைதான். 24 வரை சுங்கம், குடியேற்றம் போன்ற சில விஷயங்களில் அதிகாரம். 200 வரை மீன், கனிம வளத்தில் உரிமை. கடைசியில் 2020-இல் சர்வதேச நடுவர் மன்றம், இத்தாலி நஷ்டஈடு தர வேண்டும், ஆனால் வீரர்களை இந்தியா விசாரிக்க முடியாது என்றது. 10 கோடி ரூபாய் வந்தது. 2021-இல் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்தது.

ஆயுதக் காவல் இவ்வளவு அருகே ஏன் வந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். சோமாலியக் கொள்ளையருக்குப் பயந்து கப்பல் தொழில் அமைப்புகள் 'அபாயப் பகுதி'யின் கிழக்கு எல்லையை 2010-இல் 78 டிகிரி தீர்க்கரேகை வரை நீட்டின. கன்னியாகுமரியே 77.5-இல்தான் இருக்கிறது. ஆக, நம் மேற்குக் கரைக் கடல் முழுக்கக் கொள்ளையர் பகுதி! வலை அறுந்துவிடக் கூடாதே என்று கப்பலை விலகச் சொல்ல நம்மாட்கள் நெருங்கிப்போவது வழக்கம். காவலில் இருப்பவன் கண்ணுக்கு அது எப்படித் தெரியும்? இந்தியா தொடர்ந்து வாதாடி, 2015 டிசம்பரில் அந்தக் கோடு 65 டிகிரிக்கு நகர்ந்தது. சுட்டவன் யார் என்பதைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும். அந்தக் கோட்டை முன்கூட்டியே கவனித்து எச்சரிப்பதற்குத்தான் அதிகாரிக்கு இத்தனை படிப்பு.

திருவிதாங்கூருக்கு இது புரிந்திருந்தது. 1741-இல் குளச்சலில் டச்சுக்காரரை வென்ற மார்த்தாண்ட வர்மா, பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாயைக் கொண்டே தன் படைக்குப் பயிற்சி கொடுத்தார். டிலனாயின் கல்லறை உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது; பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

கோச்சிங் சென்டர் நோட்ஸை மனப்பாடம் செய்வதோடு ஒரு கடல் வரைபடத்தையும் வீட்டுச் சுவரில் ஒட்டுங்கள். 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கி, பிளாஸ்டிக் குருணை நம் கரை வரை ஒதுங்கியதே, அதையே எடுத்துக்கொள்ளலாம். லைபீரியக் கொடி, 640 கன்டெய்னர். சேதத்துக்கு யார் பொறுப்பு, எந்தக் கோர்ட், கடலோரக் காவல்படை வேலை எது, கடற்படை வேலை எது? இதை வீட்டில் நாலு தடவை வாதாடிப் பழகிய பிள்ளை, குழு விவாதத்தில் வாய் திறந்ததுமே தெரிந்துவிடும்.