ஜெனரேட்டருக்குக் கூரை போதும், சுவர் வேண்டாம்

புயலடிக்கும்போது ஜெனரேட்டரை மழையில் விட மனம் வராமல் போர்டிகோவுக்கோ, கார் ஷெட்டுக்கோ, மாடிப்படிக்கு அடியிலோ இழுத்துவிடுகிறார்கள். உயிர் போவது பெரும்பாலும் இங்கேதான். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாடையில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்தால் உடனே வெளியே வந்துவிட வேண்டும்; தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு ஃபேன் போட்டால் சரியாகிவிடும் என்பது வெறும் நம்பிக்கை.

வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி வையுங்கள். சைலன்சர் வாய் எந்த ஜன்னலையும் பார்க்கக் கூடாது, பக்கத்து வீட்டு ஜன்னல் உட்பட. படுக்கையறைக்கு அருகே பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்டுங்கள்.

மழைக்கு என்ன செய்வது? இரும்புக் குழாய்ச் சட்டத்தில் தகரக் கூரை, நான்கு பக்கமும் திறப்பு. மேலேயும் சுற்றிலும் 3 அடியாவது இடைவெளி வேண்டும். தார்ப்பாயைப் போர்த்தினால் சைலன்சர் சூட்டில் உருகித் தீப்பிடிக்கும்; காற்று போகாமல் இன்ஜினும் சூடேறும். தண்ணீர் தேங்காதபடி கான்கிரீட் கட்டைமேல் சமமாக நிறுத்தி, சாக்கெட் பக்கத்தைச் சாரல் படாத திசைக்குத் திருப்புங்கள். கூரையே பறக்கிற காற்று என்றால் ஓட்டவே வேண்டாம். திறக்காமல் வைத்தால் ஃபிரிட்ஜ் சில மணி நேரம் குளிர் தாங்கும்.

20 அடி தள்ளி வைத்ததும் வயர் நீளும். மெல்லிய வயர் சூடாகும், வோல்டேஜ் இறங்கும், கம்ப்ரஸர் காயில் கருகும். வெளிப்புறத்துக்கு ஏற்ற, 2.5 சதுர மி.மீ. மூன்று கோர் வயரைச் சுருளை முழுதும் பிரித்துப் போடுங்கள். பிளக் இணைப்பு தரையில் கிடக்கக் கூடாது. வயர் நுழையும் ஜன்னல் இடுக்கைத் துணியால் அடையுங்கள், புகைக்கு அது போதுமான வழி.

இருபக்கமும் பிளக் வைத்த வயரைச் சுவர் சாக்கெட்டில் செருகுவது கொலைக்குச் சமம். உங்கள் மின்சாரம் மீட்டர் வழியே வெளியேறி, டிரான்ஸ்ஃபார்மரில் உயர் மின்னழுத்தமாகி, கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனைத் தாக்கும். வீட்டு வயரிங்குக்கே மின்சாரம் கொடுக்க, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் மாட்டிய சேஞ்ச்ஓவர் சுவிட்ச் (லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டுமே வீட்டோடு இணைப்பது) தவிர வேறு வழியில்லை.

இன்ஜினை லோடு இல்லாமல் ஸ்டார்ட் செய்து, சத்தம் சீரானபின் ஃபிரிட்ஜ், மோட்டார் போன்றவற்றை முதலில் ஒவ்வொன்றாகப் போடுங்கள். 150 வாட் ஃபிரிட்ஜ் கிளம்பும் நொடியில் மூன்று மடங்குக்கு மேல் இழுக்கும்.

பெட்ரோல் ஊற்ற, லோடை எடுத்து, நிறுத்தி, 15 நிமிடமாவது ஆறவிடுங்கள். அந்த இடைவெளியில் ஆயில் அளவையும் பார்த்துவிடலாம். டேங்க்கை விளிம்புவரை நிரப்பாதீர்கள். சூட்டில் பெட்ரோல் விரிந்து வழியும்.