பஸில் பிடித்த குழந்தைக்கு அடுத்து என்ன வாங்கலாம்?

இந்தக் கேள்வியோடு வருகிறவர்களிடம் நான் பெரும்பாலும் சொல்வது: இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தை எந்நேரமும் பஸில் பலகையும் கையுமாக இருந்தால் வீட்டில் எல்லோருக்கும் பெருமைதான். ‘நாலு துண்டு முடிச்சாச்சு, எட்டும் முடிச்சாச்சு’ என்று கணக்கு ஏறிக்கொண்டே போகும். ஆக்குபேஷனல் தெரபிஸ்டான (விளையாட்டு, கைவேலை போன்ற அன்றாடச் செயல்களில் குழந்தைகளுக்குப் பயிற்சி தருபவர்) நான் துண்டுகளை எண்ணுவதில்லை. ஒரு துண்டு பொருந்தாதபோது குழந்தை என்ன செய்கிறது என்பதைத்தான் பார்ப்பேன்.

வட்டம், சதுரம், முக்கோணம் மூன்றுக்கும் குழி உள்ள சாதாரண மரப்பலகையை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான குழந்தைகளுக்கு முதலில் கைவருவது வட்டம்தான். அதை எப்படிப் பிடித்தாலும் உள்ளே இறங்கிவிடும். சதுரம் நான்கு விதமாக இறங்கும், சமபக்க முக்கோணம் மூன்று விதமாக. பூனை, கார் மாதிரி உருவங்களுக்கு ஒரே ஒரு வழிதான். இந்த வயதில் துண்டுகளின் எண்ணிக்கையைவிட இதில்தான் கஷ்டம் இருக்கிறது.

முக்கோணத்தோடு குழந்தை மல்லுக்கட்டுவதைக் கொஞ்ச நேரம் பாருங்கள். தொடக்கத்தில் எல்லாம் பலம்தான். உள்ளங்கையால் அழுத்தும், தட்டும். சில வாரங்கள் போனால், இறங்காத துண்டைப் பக்கத்துக் குழிக்குக் கொண்டுபோய்ப் பார்க்கும். அப்புறம் சரியான குழியின் மேலேயே வைத்துத் தேய்த்துத் தேய்த்துச் சுற்றும், டக்கென்று விழும் வரை. பிறகு ஒரு நாள், துண்டு பலகையைத் தொடும் முன்பே மணிக்கட்டு லேசாகத் திரும்பும். நான் காத்திருப்பது அதற்காகத்தான். கண் குழியை அளந்து, மனம் துண்டைத் திருப்பிப் பார்த்த பிறகு கை அசைந்திருக்கிறது.

சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 53 குழந்தைகளை 26 மாத வயதிலிருந்து 46 மாதம் வரை அவரவர் வீட்டில் கவனித்து, 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அந்தக் காலத்தில் பஸில் விளையாடியவர்கள், நான்கரை வயதில் உருவங்களை மனத்துக்குள் திருப்பியும் சேர்த்தும் பார்க்கும் சோதனையை மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். பஸில்தான் காரணம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. அந்தத் திறமை இருந்ததால்கூட அவர்கள் பஸிலை நாடியிருக்கலாம். ஆகவே, ‘மூளை வளர்ச்சிக்கு’ என்று பெட்டியில் அச்சடித்திருப்பதற்காக விலை கூடியதை வாங்க வேண்டியதில்லை.

சரி, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் விஷயத்துக்கு வருவோம். குழந்தை முக்கோணத்தைக் கோணலாக வைக்கிறது. அம்மாவோ தாத்தாவோ சத்தமில்லாமல் ஒரு விரலால் ஓரத்தைத் தள்ளிவிடுகிறார். துண்டு விழுகிறது, கைதட்டல். இதில் திருப்பியது யார்? இது பழகிப்போனால், துண்டை வைத்ததும் குழந்தை பலகையைப் பார்க்காது. பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்கும். தெரபி அறையில் இது எனக்கு உடனே தெரிந்துவிடும்.

உதவவே கூடாது என்று சொல்லவில்லை. முதலில் சும்மா இருங்கள், உங்களுக்குச் சங்கடமாகத் தோன்றும் அளவுக்கு. குழந்தை சிணுங்கினால் ‘திருப்பிப் பாரேன்’ என்று வாயால் சொல்லுங்கள். அதுவும் போதவில்லை என்றால் குழியைச் சுட்டிக்காட்டலாம். கையை வைப்பது கடைசி. அடுத்த துண்டுக்கு மறுபடியும் சும்மா இருப்பதிலிருந்தே தொடங்குங்கள். உளவியலாளர்கள் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் மூவரும் 1976இல், மரக்கட்டைகளைச் சேர்த்து அடுக்கும் 3 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்குப் பெரியவர் எப்படி உதவுகிறார் என்று எழுதிய கட்டுரையை எங்கள் துறையில் இன்றும் படிக்கிறோம். தேவையான அளவு மட்டும் கைகொடுப்பதுதான் அதன் சாரம்.

சட்டென்று கோபம் வந்து துண்டுகளை வீசும் குழந்தையா? மற்ற எல்லாத் துண்டுகளையும் நீங்களே போட்டுவிட்டு, கடைசி ஒன்றை மட்டும் அதன் கையில் கொடுங்கள். முடித்த திருப்தி அதற்குக் கிடைக்கும். நாளடைவில் இரண்டு, மூன்று என்று விடலாம்.

நன்றாகப் பழகிய பலகை என்றால், குழந்தையின் கண்ணெதிரே அதைத் தலைகீழாகச் சுற்றி வையுங்கள். வட்டம் இருந்த பக்கத்தில் இப்போது முக்கோணம். பழக்கத்தில் போட்டதா, பார்த்துப் போட்டதா என்பது அப்போது தெரியும். வளர்ச்சிச் சோதனைகளிலும் இதைச் செய்கிறோம். செலவில்லாமல் புதுப் பஸில் கிடைத்தது! ஒரே பஸிலைத் திரும்பத் திரும்பக் கேட்டால் கொடுங்கள். அலுப்பு நமக்குத்தான், அவர்களுக்கு இல்லை.

செல்போன் பஸில் இதற்கு மாற்று ஆகாது. பல செயலிகளில் துண்டை அருகே இழுத்தாலே அது தானாக ஒட்டிக்கொள்ளும்; திருப்ப வேண்டிய வேலையே இல்லை. இரண்டு வயதுக்கு முன் திரையே வேண்டாம், அதன்பின் 4 வயது வரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல்.

மூன்று வயதுக்குள் இருப்பவர்களுக்குத் துண்டு பெரிதாக இருக்க வேண்டும். பொம்மைகளின் பாதுகாப்புச் சோதனையில் சிறு பாகங்களைப் போட்டுப் பார்க்கும் உருளையின் விட்டம் 31.7 மி.மீ.; அதற்குள் முழுதாக அடங்கிவிடும் துண்டு தொண்டையை அடைக்கலாம். காந்தம் வைத்த பஸிலில் காந்தம் கழன்றிருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். இரண்டு காந்தங்களை விழுங்கினால், அவை குடலின் மடிப்புகளை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போட்டுவிடும். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

‘எந்நேரமும் பஸில்தான், ஆட்டிசமாக இருக்குமோ?’ என்றும் கேட்கிறார்கள். பஸில் ஆசையை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. முடித்ததும் உங்களிடம் கொண்டுவந்து காட்டுகிறதா, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா, ஒன்றரை வயதுக்குள் பிடித்ததை விரல் நீட்டிக் காட்டுகிறதா என்று பாருங்கள். இவை இல்லை என்றாலோ, பேசிய சொற்கள் மறைந்துபோனாலோ, ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று தள்ளிப்போடாமல் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். அப்போதும் பஸிலைப் பிடுங்கி வைக்க வேண்டியதில்லை. துண்டுகளை எங்கள் மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் எங்கள் முகம் பார்த்துக் கேட்டு வாங்கும்படி செய்து, தெரபியை அந்தப் பஸிலில் இருந்தேதான் தொடங்குவோம்.