ஆட்டுப்பால் சீஸ் என்றால் பரவாயில்லையா?

இந்த வருடத்தில் இப்படி என்னிடம் சிகிச்சைக்கு வந்த மூன்றாவது குழந்தை இது. அதனால்தான் எழுதுகிறேன், கொஞ்சம் கோபம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பசும்பால் அலர்ஜி உள்ள நாலு வயதுப் பையன். குடும்பத்தோடு ரோம் போயிருக்கிறார்கள். ஒரு சாப்பாட்டுக் கடையில் காச்சோ எ பேபே: பாஸ்தா, மிளகு, துருவிய பெக்கோரினோ ரொமானோ என்ற சீஸ், அவ்வளவுதான் அதில். அப்பா விசாரிக்காமல் இல்லை. "பசும்பால் கிடையாது, செம்மறி ஆட்டுப்பால்" என்று பரிமாறியவர் சொன்னதும் நிம்மதியாகிவிட்டார். நாலு வாய்க்குள் பையனுக்கு உதடு சிவந்து தடித்துவிட்டது. மிளகுக் காரம் என்று தண்ணீர் கொடுத்தார்களாம்! இமை வீங்கி, இருமி, மூச்சு இழுக்க ஆரம்பித்த பிறகுதான் பொறி தட்டியது. கைப்பையில் அட்ரினலின் ஊசி இருந்ததால் தப்பித்தான்.

பரிமாறியவர் பொய் சொல்லவில்லை. 'பெக்கோரா' என்றாலே இத்தாலிய மொழியில் செம்மறி ஆடுதான். (பெயர்தான் ரொமானோ, இப்போது பெரும்பகுதி தயாராவது சார்டீனியா தீவில்.) ஆனால் சீட்டில் டாக்டர்கள் நாங்கள் 'பசும்பால் அலர்ஜி' என்று எழுதினால் மாட்டைப் பற்றி மட்டும் சொல்கிறோம் என்று அர்த்தமில்லை. கேசீன் போன்ற பால் புரதங்கள்தான் பிரச்சினை. பசுவுடையதும் செம்மறியுடையதும் வெள்ளாட்டுடையதும் அவ்வளவு ஒத்திருப்பதால், பசும்பால் ஆகாத குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மற்றவையும் ஆகாது. சீஸ் என்பதோ அந்தக் கேசீனையே திரட்டி இறுக்கி வைத்த பண்டம்.

அடுத்து, எனக்கு ரத்தக் கொதிப்பை ஏற்றும் வாதம்: "துருவுகிற பெக்கோரினோவை எட்டு மாசமாவது பழுக்க வைப்பாங்களாமே டாக்டர், லாக்டோஸ் எல்லாம் போயிருக்குமே?" போயிருக்கும். அதனால் என்ன? லாக்டோஸ் என்பது பாலில் உள்ள சர்க்கரை, புரதம் அல்ல. அது செரிக்காதவருக்கு வயிறு உப்பும், கழிச்சல் போகும், சங்கடம்தான், ஆனால் உயிருக்கு ஒன்றுமில்லை. அவர்களில் பெரும்பாலானோர் இந்த சீஸைத் தாராளமாகச் சாப்பிடலாம். அலர்ஜி வேறு நோய். எட்டு மாதம் வைத்தாலும் சூடான பாஸ்தாவில் புரட்டினாலும் புரதம் அங்கேயேதான் இருக்கும். 'லாக்டோஸ் இல்லை' என்று அட்டையில் பார்த்துவிட்டுப் பால் அலர்ஜிக் குழந்தைக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள், தயவுசெய்து.

இத்தாலியில் மெனுவில் உணவுப் பெயருக்குப் பக்கத்தில் பொடி எண்கள் இருக்கும், பெரும்பாலும் 7 என்றால் பால். எந்த விலங்கின் பாலானாலும் அதே எண்தான். "பசும்பாலா?" என்று கேட்காதீர்கள், "லாத்தே (பால்) இருக்கிறதா?" என்று கேளுங்கள். கார்பொனாரா, அமாத்ரிச்சானா, கிரிச்சா என்ற பாஸ்தா வகைகள் மூன்றிலும் பெக்கோரினோ உண்டு. பெஸ்தோ என்ற பாஸ்தா சாந்திலும் சீஸ் உண்டு, பச்சையாக இருப்பதால் கொத்தமல்லிச் சட்னி மாதிரி நினைத்துவிட வேண்டாம். ஊசி கையில் இருக்கட்டும், ஹோட்டல் அறையில் அல்ல. மூச்சுத் திணறினால் முதலில் ஊசி, உடனே 112 என்ற அவசர எண்ணுக்கு அழைப்பு. அரிப்பு மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

சைவக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: பெக்கோரினோ ரொமானோவில் பாலை உறைய வைப்பது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த பசை.

இவ்வளவையும் அந்த அப்பாவிடம் பொறுமையாகச் சொல்லி முடித்தேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டவர், கதவருகே போய்த் திரும்பி, "அப்போ மொசரெல்லா? அது எருமைப்பால்தானே டாக்டர்?" என்றார்.

உட்காருங்கள் என்றேன்.