வளைந்து போகும் அம்பு

தேவிபட்டினத்துக்குத் தெற்கே ஒரு பனந்தோப்பில் வைக்கோல் பொதி கட்டி அம்பெய்து பழகுகிறேன். விடிந்ததும் போய்விடுவேன். வெயிலேறிக் கச்சான் காற்று எழுந்துவிட்டால் அம்பின் பிழை எது, காற்றின் வேலை எது என்று பிரித்தறிய முடியாது.

என்னுடையது நுனிகள் முன்னோக்கி வளைந்த மரத்து ரீகர்வ் வில். தொடக்கத்தில் என் அம்புகள் எல்லாம் இடப்பக்கமே போய்க் குத்தின. கையைத்தான் சந்தேகித்தேன்; குற்றம் அம்பின் தண்டில் இருந்தது.

வலக்கையால் நாணிழுக்கும்போது அம்பு வில்லின் இடப்பக்கத்தில் சாய்ந்திருக்கிறது. நாணோ விட்டதும் வில்லின் நடுக்கோட்டுக்குத் திரும்புகிறது. அப்படியானால் அம்பு இடப்பக்கம் விலகியல்லவா போக வேண்டும்? இந்தப் புதிருக்கு விடை, 1930களில் கிளாரன்ஸ் ஹிக்மன் அதிவேகப் படச்சுருளில் அம்பைப் பதிவு செய்தபோது கண்ணுக்குத் தெரிந்தது. விரல்நுனியை விட்டு நழுவும் நாண் சற்றே இடப்பக்கம் ஒதுங்குகிறது. பின்னாலிருந்து அது தள்ள, முன்னால் முனையின் எடை தடுக்க, தண்டின் நடுப்பகுதி முதலில் வில்லின் பக்கம் வளைகிறது. அடுத்த கணமே எதிர்ப்பக்கம் வளைகிறது. இப்படி மாறி மாறி வளைவதால் வால் வில்லைத் தொடாமல் கடந்துவிடுகிறது. தெளிந்த நீரில் உடலை நெளித்துப் பாறையைச் சுற்றிப் போகும் விலாங்கைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

ஆகவே தண்டின் விறைப்பு வில்லின் இழுவிசைக்கு இசைய வேண்டும். 28 அங்குல இடைவெளியில் இரு தாங்கிகள்மேல் தண்டை வைத்து, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிட்டு, எவ்வளவு தாழ்கிறது என்று அளப்பார்கள். அதிகம் தாழ்ந்தால் தளர்வு, குறைந்தால் விறைப்பு. முனையின் எடையைக் கூட்டினால் தண்டு தளர்வாக நடந்துகொள்ளும்; தண்டின் நீளத்தை வெட்டிக் குறைத்தால் விறைக்கும்.

தண்டில் கை வைக்குமுன் நாணைக் கவனியுங்கள். கைப்பிடிக்கும் நாணுக்குமான இடைவெளி, 60 அங்குல வில்லுக்கு ஏறக்குறைய ஏழரை அங்குலம். நாணை முறுக்கினால் அது குறுகி, இடைவெளி கூடும். ஓசை அடங்கி, கையில் அதிர்வு குறையும் இடம் எதுவோ அங்கே நிறுத்துங்கள். புது நாண் நீளும். சில நாட்கள் கழித்து மறுபடி அளக்க வேண்டும். அம்பைக் கோக்கும் இடத்தை, வில்லில் அம்பு சாயும் இடத்திலிருந்து நாணுக்குச் செங்குத்தாக வரும் கோட்டுக்கு அரை அங்குலம் மேலே நூல் சுற்றிக் குறித்துக்கொள்ளலாம்.

பிறகுதான் உண்மையான சோதனை. இறகுகள் பின்னாலிருந்து பிழையை இழுத்துத் திருத்திவிடும். ஆகவே ஒரு தண்டை இறகில்லாமல் மொட்டையாக வைத்துக்கொண்டு, இறகுள்ள அம்புகளோடு பதினைந்து மீட்டரிலிருந்து எய்யுங்கள். மொட்டைத் தண்டு கீழே குத்தினால் கோக்கும் இடம் அதிக உயரத்தில் இருக்கிறது. முதலில் இந்த மேல் கீழைச் சரிசெய்தபிறகே இடம் வலம் பாருங்கள். வலக்கையால் நாணிழுப்பவருக்கு இடப்பக்கம் குத்தினால் தண்டு விறைப்பு, வலப்பக்கம் என்றால் தளர்வு. ஒரே ஓர் அம்பை நம்பாதீர்கள். ஐந்தாறு முறையாவது எய்து பாருங்கள்.

இந்தக் கரையில் இன்னொரு தொல்லை, உப்பு ஈரம். மரத்தண்டு ஒரே இரவில் கோணிவிடுகிறது. தினமும் ஒவ்வொன்றையும் கண்ணுக்கு நேரே பிடித்து உருட்டிப் பார்த்தபிறகே நாணில் கோக்கிறேன்.

முனையில் சில கிராம் கூட்டியபின் ஒருநாள் காலை மொட்டைத் தண்டு, இறகுள்ள இரண்டு அம்புகளுக்கு நடுவே போய் நின்றது. மூன்றையும் ஒரே பிடியில் உருவி எடுத்தேன்.