பங்கீடு: 'ரேஷன்' என்ற சொல்லும் வீட்டு மின்சாரமும்

'மின்சாரத்துக்கும் ரேஷன் வரப்போகுதாம்' என்று ஒருவர் சொன்னால், கேட்கிறவர் மனத்தில் இரண்டில் ஒன்று தோன்றும். மின்சாரம் மலிவு விலையில் கிடைக்கப்போகிறது என்று சிலர் நினைப்பார்கள். தினமும் சில மணி நேரம் கரண்ட் போகப்போகிறது என்று மற்றவர்கள் நினைப்பார்கள். அந்தச் சொல்லுக்கு இந்த இரண்டுமே பொருள் அல்ல.

முதல் எண்ணத்துக்குக் காரணம், தமிழில் அந்தச் சொல் புழங்கும் விதம். ரேஷன் அரிசி, ரேஷன் சர்க்கரை என்று சொல்லிச் சொல்லி, 'அரசு குறைந்த விலைக்குத் தருவது' என்ற பொருளே அதில் ஒட்டிக்கொண்டது. ஆனால் ரேஷனுக்கு விலை முக்கியமில்லை. அதன் உயிர் அளவில் இருக்கிறது. ஒருவருக்கு இவ்வளவு, கையில் எவ்வளவு பணம் இருந்தாலும் அதற்கு மேல் இல்லை. அவ்வளவுதான் ரேஷன்.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. அங்கே 'ராட்டியோ' என்றால் கணக்கு, எண்ணிப் பார்த்தல். விகிதத்தைக் குறிக்கும் 'ரேஷியோ', காரணத்தையும் அறிவையும் குறிக்கும் 'ரீசன்' எல்லாம் அதே வேரில் கிளைத்தவை. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது, படைவீரனுக்கு ஒரு நாளைக்கு அளந்து தரும் உணவு என்ற பொருள் அதற்கு அமைந்தது. கணக்குப் போடுவதும் பங்கு போடுவதும் சிந்திப்பதும் ஒரே வேரில் நிற்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஏனென்றால் தமிழிலும் அப்படியே. 'பகு' என்ற வினையிலிருந்துதான் பகுதி வந்தது, 'பகுத்துண்டு பல்லுயிர் ஓம்புதல்' என்று குறள் சொல்லும் பகுத்துண்ணலும் வந்தது, பகுத்தறிவும் வந்தது.

படைமுகாமிலிருந்து வீட்டுக்கு இந்தச் சொல் வந்தது போர்க்காலத்தில். பிரிட்டனில் 1940 ஜனவரி 8 அன்று உணவுப் பங்கீடு தொடங்கியது. வெண்ணெய் ஒருவருக்கு வாரம் 4 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 113 கிராம். அரண்மனையாக இருந்தாலும் குடிசையாக இருந்தாலும் தலைக்கு அதே 4 அவுன்ஸ். கடைசிப் பொருளான இறைச்சி 1954 ஜூலையில்தான் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டது.

வீட்டு எரிபொருளுக்கும் அதே முறையைக் கொண்டுவர 1942இல் அங்கே ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. வகுத்தவர் பொருளியலாளர் வில்லியம் பெவரிட்ஜ். நாடாளுமன்றத்தில் எழுந்த எதிர்ப்பால் அது கைவிடப்பட்டது. பதிலாக, குளிக்கும் தொட்டியில் வெந்நீர் 5 அங்குலத்துக்கு மேல் வேண்டாம் என்று மக்களிடம் கேட்டுக்கொண்டார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் பக்கிங்ஹாம் அரண்மனையில் தங்கிய அமெரிக்க அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட், அங்கிருந்த குளியல் தொட்டியிலும் அந்த அளவுக்குக் கோடு போட்டிருந்ததைப் பார்த்தார். அந்தக் கோடு பங்கீடா என்றால், இல்லை. அதைத் தாண்டி நீரை நிரப்பினாலும் தடுக்க ஆள் கிடையாது. மனமுவந்து குறைத்துக்கொள்வது சிக்கனம். எல்லோருக்கும் பொதுவாக வரம்பு கட்டி, தாண்டினால் விளைவு உண்டு என்று வைப்பது பங்கீடு. சிக்கனத்தை ஊக்குவிக்கப் பங்கீட்டைக் கையாளலாம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

வீட்டு மின்சாரத்தில் பங்கீடு எப்படி நடக்கும் என்பதற்குப் பிரேசிலைப் பார்க்க வேண்டும். அங்கே மின்சாரத்தில் பெரும்பகுதி நீர்மின்சாரம். 2001இல் மழை பொய்த்து அணைகள் வற்றின. அந்த ஆண்டு ஜூன் முதல் 2002 பிப்ரவரி வரை, நாட்டின் பெரும்பகுதியில் வீடுகள் முந்தைய ஆண்டின் பயன்பாட்டில் 20 சதவீதத்தைக் குறைக்க வேண்டும் என்று வரம்பு வைத்தார்கள். மாதம் 100 யூனிட்டுக்குள் செலவழிக்கும் சிறிய வீடுகளுக்கு விலக்கு. வரம்புக்குக் கீழே நின்றவர்களுக்கு ஊக்கத்தொகை. மீறினால் கூடுதல் கட்டணம், இணைப்பைத் துண்டிக்கும் எச்சரிக்கை. மக்கள் ஏறக்குறைய அந்த அளவுக்கே குறைத்தும் காட்டினார்கள். பற்றாக்குறைக்காக முறைவைத்து மின்வெட்டு செய்யாமலே அந்த மாதங்கள் கடந்தன. இதில் ஒரு விந்தை உண்டு. போர்த்துகீசிய மொழியில் பங்கீட்டுக்கு 'ரசியோனமென்டோ' என்று அதே லத்தீன் வேர்ச்சொல் இருந்தும், மக்கள் வாயில் அந்தக் காலத்துக்கு நிலைத்த பெயர் 'அபகாவ்'. அதற்கு மின்சாரம் போய் ஊரே இருண்டுவிடுவது என்று பொருள். இருட்டைத் தவிர்க்கச் செய்த ஏற்பாட்டுக்கு இருட்டின் பெயரே வந்துவிட்டது. நாம் பங்கீட்டையும் மின்வெட்டையும் குழப்பிக்கொள்வதும் இதே கதைதான்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு மாதம் வீட்டிலேயே சோதித்துப் பார்த்தேன். எங்களுக்கு நாளைக்குச் சராசரியாக 6 யூனிட் ஆகும். 5 யூனிட் என்று நாங்களே வரம்பு வைத்துக்கொண்டோம். இரவு ஒன்பது மணிக்கு மீட்டர் எண்ணைப் பார்த்து, நேற்றைய எண்ணைக் கழித்து, நாட்காட்டித் தாளின் ஓரத்தில் எழுதுவோம். முதல் வாரம் நான்கு நாள் தோற்றோம். அப்புறம்தான் கணக்கு கண்ணில் பட்டது. 2000 வாட் கீசர் அரை மணி நேரம் ஓடினாலே ஒரு யூனிட் போய்விடும். 10 வாட் எல்இடி விளக்கு அதே ஒரு யூனிட்டில் 100 மணி நேரம் எரியும். விளக்கை அணைக்கச் சொல்லி ஒருவரை ஒருவர் விரட்டிக்கொண்டிருந்த நாங்கள், கீசரைப் பத்து நிமிடத்தில் நிறுத்தப் பழகினோம். மின்வெட்டு வந்தால் விளக்கும் போகும், கீசரும் போகும். எதை விடுவது என்று நம்மைக் கேட்பதில்லை. பங்கீட்டில் அளவு மட்டுமே வெளியிலிருந்து வருகிறது. எதைக் குறைப்பது என்ற முடிவு வீட்டுக்காரர் கையில் இருக்கிறது.

இனி, தமிழ்ச் சொல். 'பங்கீடு' சரியான சொல்தான். பங்கிடு என்ற வினையில் உள்ள 'இடு' நீண்டு 'ஈடு' ஆகிப் பெயராகிறது. கெடு கேடாவது போல, படு பாடாவது போல. ஆனால் நதிநீர்ப் பங்கீடு, தொகுதிப் பங்கீடு என்றெல்லாம் வழங்குவதால், பிரித்துக்கொள்வது என்ற பொதுப்பொருளே அதில் மேலோங்கி நிற்கிறது. ஆளுக்கு இவ்வளவுதான் என்ற வரம்பு அதில் தெரிவதில்லை. ஆகவே 'அளவுப் பங்கீடு' என்று எழுதுவதையே நான் பரிந்துரைப்பேன். 'பகிர்மானம்' கம்பி வழியாக மின்சாரத்தைக் கொண்டுசேர்க்கும் வேலையைக் குறிப்பது, இங்கே பொருந்தாது. 'ஒதுக்கீடு' ஓரளவு பொருந்தும். ஒவ்வொரு வீட்டுக்கும் கிடைக்கும் யூனிட் எண்ணிக்கையை, அதாவது கோட்டாவை, அப்படிச் சொல்லலாம். 'அடுக்குக் கட்டணம்' வேறு. யூனிட் ஏற ஏற விலையும் ஏறும், அவ்வளவே. பணம் உள்ளவர் அதைத் தாண்டிக்கொண்டே போகலாம்.

'ஆற்றல் சேமிப்பு' என்பதிலும் கவனம் வேண்டும். பேட்டரியில் மின்சாரத்தைத் தேக்கி வைப்பதும் சேமிப்பு, செலவைக் குறைப்பதும் சேமிப்பு என்று ஆகிவிடுகிறது. குறைப்பதைச் சொல்ல 'மின்சிக்கனம்' இருக்கிறது. தேக்குவதைச் சொல்ல 'தேக்கம்' இருக்கிறது.

ரேஷனின் பழைய பொருளுக்கு மிக நெருங்கிய தமிழ்ச் சொல் ஒன்றை நாம் வேறு இடத்தில் வைத்திருக்கிறோம். அது 'படி'. அளக்கும் கருவிக்கும் படி என்றே பெயர். அன்றாடச் செலவுக்கு அளந்து தருவதற்கும் படி என்றே பெயர். படியளப்பது என்று இன்றும் சொல்கிறோம். பயணப்படி, அகவிலைப்படி என்று அலுவலகத் தமிழிலும் அது உயிரோடு இருக்கிறது. ஒரு வீட்டுக்கு மாதந்தோறும் உரிய யூனிட்டை 'மின்படி' என்று சொன்னால் சின்னதாகவும் இருக்கும், அளவும் உள்ளேயே இருக்கும். ஏற்பாட்டுக்கு 'மின்சார அளவுப் பங்கீடு', வீட்டுக்கு வரும் பங்குக்கு 'மின்படி'. 'இந்த மாதப் படியில் இன்னும் 12 யூனிட் மிச்சம்' என்று ஒருவர் சொன்னால் அதற்கு விளக்கவுரை தேவைப்படாது.